நாணல் வெட்டும் அந்தக் காட்சி: உயிர் தப்பும் படங்களில் எது கலை?

வல்லிபுரத்தான் எழுதியது:

வெள்ளி இரவு அகிரா குரோசாவாவின் ‘தெர்சு உசாலா’வை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1975இல் சோவியத் நாட்டுக்குப் போய், ரஷ்ய மொழியில் அவர் எடுத்த படம். முதல் இரண்டு தடவையும் மடிக்கணினியில் பார்த்தது. இந்த முறை தம்பியின் புரொஜெக்டரை வாங்கி, விறாந்தைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் பார்த்தோம். ஒரு காட்சியை மட்டும் நாலு தரம் திருப்பிப் போட்டேன். அதைப் பற்றிக் கதைக்கத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காக: ரஷ்யாவின் தூரகிழக்கில் உசூரிக் காட்டை அளந்து வரைபடம் போட வந்தவர் அர்செனியேவ் என்ற படை அதிகாரி. அவருக்கு வழிகாட்டியாகச் சேர்பவன் தெர்சு, நானாய் இனத்து வேட்டைக்காரன். இருவரும் தனியே ஹன்கா ஏரிப் பக்கம் போகிறார்கள். எங்கு பார்த்தாலும் பனியும் காய்ந்த நாணலும்தான். காற்று எழுந்து அவர்கள் வந்த காலடித் தடத்தை அழித்துவிடுகிறது. திரும்பிப் போக வழியில்லை, பொழுதும் சாய்கிறது. தெர்சு சொல்வது ஒன்றுதான்: நாணலை வெட்டு, கெதியாக வெட்டு. அதன் பிறகு நீண்ட நேரத்துக்கு இரண்டு பேர் புல் வெட்டுகிறார்கள். சூரியன் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அர்செனியேவ் களைத்து விழுந்துவிடுகிறார். தெர்சு நில அளவைக் கருவியின் முக்காலியைக் கூடாரக் கம்பாக நட்டு, வெட்டிய நாணலை அதன் மேல் குவித்து, ஒரு குடிசை செய்து அவரை உள்ளே இழுத்துப் போடுகிறான். விடிகிறது. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

கரடி இல்லை, பள்ளத்தில் விழுவதில்லை, எதிரி இல்லை. ஆனாலும் நாலாவது தரம் பார்க்கும்போதும் என் கழுத்து இறுகித்தான் இருந்தது. ஏன் என்று யோசித்தேன். அந்த வேலை முழுதாகக் காட்டப்படுகிறது. ஒரு கட்டு நாணல், இன்னொரு கட்டு, சூரியன் எவ்வளவு மிச்சம், இன்னொரு கட்டு. நாங்களும் கூடவே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம், இது காணுமா காணாதா என்று. வேறு ஒருவர் எடுத்திருந்தால் பத்து விநாடி வெட்டுவதைக் காட்டிவிட்டு, முடிந்த குடிசைக்குத் தாவியிருப்பார்.

எனக்கு அம்மப்பா வேலி அடைப்பது நினைவுக்கு வந்தது. ஓலையை அடுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு பக்கம், குத்தூசியோடு மாமா மறுபக்கம். ஊசி இந்தப் பக்கம் வரும், கயிற்றைக் கோத்து விட வேண்டும், திரும்பிப் போகும். இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்க மாட்டார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அந்த அமைதிக்குள் இருந்த அவசரத்தைத் திரையில் நான் கண்டது இந்த ஒரு காட்சியில்தான்.

அதனால் இந்த வகைப் படம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது கையை. கை செய்யும் வேலையை நம்பி நேரம் கொடுக்கிறார்களா என்று. உங்கள் எண்ணம் என்ன?


ஸ்காபரோ பனி எழுதியது:

நல்ல காட்சி, மறுக்கவில்லை. ஆனால் வல்லிபுரத்தான், கையை மட்டும் அளவுகோலாக வைத்தால், கரடி கிழித்துக் கைவிடப்பட்ட ஒருவன் பனிக்குள்ளால் உயிர் தப்பி வரும் ‘த ரெவனன்ட்’ போன்ற படத்துக்கு அநியாயம் நடக்கும்.

நான் இங்கே கனடாவுக்கு வந்து பதினாறு வருடம். முதல் குளிர்காலத்தில் பேருந்துக்கு நாற்பது நிமிடம் நின்றபோது எனக்குத் தெரிந்த ஒரு விசயம், கடும் குளிரில் நீங்கள் வெளியைப் பார்க்க மாட்டீர்கள். உங்கள் மூச்சைத்தான் கேட்பீர்கள். உலகம் முழுவதும் சுருங்கி மூக்குக்கும் கழுத்துச் சால்வைக்கும் இடையில் வந்துவிடும். ‘த ரெவனன்ட்’ அதைச் சரியாகப் பிடித்தது. கமரா டிகாப்ரியோவின் முகத்துக்கு மிக நெருக்கமாகப் போகிறது, அவருடைய மூச்சு லென்ஸில் படிந்து படம் மங்குகிறது. வேறு படத்தில் அதைப் பிழை என்று வெட்டியிருப்பார்கள். இங்கே அந்த மங்கல் அப்படியே மூடுபனிக்குள் கரைந்து போகிறது. ஒரு மனிதனின் மூச்சும் அந்த நிலத்தின் மூச்சும் ஒன்றாகிவிடுகின்றன.

குரோசாவா தூரத்தில் நின்று பார்க்கிறார். தெர்சுவின் முகம் எனக்குப் பல இடங்களில் வடிவாகத் தெரியவே இல்லை. ‘த ரெவனன்ட்’ எடுத்த இன்யாரித்து தோலுக்குள் போகிறார். குளிரைத் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதுதான் உண்மை.


மணவறைக் கமரா எழுதியது:

இரண்டு அண்ணைமாரும் மன்னிக்க வேண்டும், வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் கல்யாண வீடு, சாமத்திய வீடு எடுக்கிறவன். என் தொழிலே வெளிச்சத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

‘த ரெவனன்ட்’ படத்தின் ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி. ‘கிராவிட்டி’, ‘பேர்ட்மான்’, இந்தப் படம் என்று தொடர்ந்து மூன்று வருடம் ஒஸ்கார் வாங்கியவர். செயற்கை விளக்கை ஏறத்தாழ முழுதாகவே தவிர்த்து, சூரிய வெளிச்சத்திலும் நெருப்பு வெளிச்சத்திலும் எடுத்தார்கள். அதற்காக ஒரு நாளில் சில மணித்தியாலம் மட்டும்தான் படம் பிடித்தார்கள், மிச்ச நேரமெல்லாம் ஒத்திகை. கதை நடக்கும் வரிசையிலேயே எடுக்கப் பார்த்தார்கள். கடைசிப் பகுதிக்கு வரும்போது கனடாவில் பனி கரைந்துவிட, ஆர்ஜென்டீனாவின் தென்முனைக்குப் போய் முடித்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நானும் ஒரு தடவை, ‘இயற்கை வெளிச்சத்தில் மட்டும் எடுப்போம்’ என்று ஒரு சோடியை யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்துக்குக் கூட்டிப் போனேன். படுதோல்வி. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. மார்கழி நடுவில், அவர்கள் படம் பிடித்த கனடாவின் கல்கரிப் பக்கம் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்தில் இருந்து ஏறத்தாழ 15 பாகைதான் ஏறும். அதாவது முழு நாளும் சாய்ந்த வெளிச்சம், முழு நாளும் நீண்ட நிழல். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை. உச்சி வெயில் நெற்றியில் அடித்து, கண்குழி இரண்டும் கறுத்துப் போகும். அந்திக்குப் பிறகு எங்களுக்குக் கிடைப்பது 20, 25 நிமிடம். அதற்குள் மாப்பிள்ளையின் தலைப்பாகையைச் சரிசெய்து முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த ஏரிக் காட்சியைப் பாருங்கள். குரோசாவா 70 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுத்திருக்கிறார், அவர் அந்த அளவில் எடுத்த ஒரே படம் அது. சூரியன் அங்கே ஒரு பாத்திரம். எவ்வளவு பெரிய சட்டகம்! அதில் பெரும்பகுதி வானமும் நாணலும், மனிதர் இரண்டு பேரும் எறும்பு அளவு. வேட்டியில் பார்த்ததற்கே கழுத்து இறுகியது என்றால், சரியான திரையில் என்னவாகியிருக்கும்.

ஸ்காபரோ அண்ணை, முகம் தெரியவில்லை என்றீர்கள். முகம் தெரியாமல் இருப்பதால்தான் அந்த வெளி எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. லுபெஸ்கியும் அகல லென்ஸ்தான் பாவித்தார். முகம் நெருக்கத்தில் இருக்கும்போதும் பின்னால் மலை முழுதும் தெரிவது அதனால்தான். படம் எடுத்த இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதன் இந்த நிலத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறான்?


ஜாம்போத்தல் எழுதியது:

நான் பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போய்விடுவேன். வெளிச்சம் என்று வந்ததால் எழுதுகிறேன்.

என் பெயரைப் பார்த்தாலே எங்கள் வயதுக்காரருக்கு விளங்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயும் கிடைக்காமல் இருந்த காலத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு அந்த வெளிச்சத்தில்தான் நான் சாதாரண தரம் வரை படித்தேன். அந்த விளக்குக்கு ஒரு வட்டம் உண்டு. புத்தகமும் என் கையும் தம்பியின் கன்னமும் அந்த வட்டத்துக்குள். அதற்கு அங்கால் ஒன்றும் இல்லை. கறுப்புக்கூட இல்லை, ஒன்றும் இல்லை.

பெரும்பாலான படங்களில் காட்டு இரவு நீல நிறமாக இருக்கும். மரம் தெரியும், ஓடுகிறவன் தெரியும். அது இரவே இல்லை. தெர்சுவின் படத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சிகள் எனக்குப் பிடித்தது அதனால்தான். நெருப்பு எட்டும் மட்டும்தான் உலகம். அவன் நெருப்பையும் தண்ணீரையும் காற்றையும் மனுசர் என்றே சொல்கிறான். அதைக் கேட்டுப் படைவீரர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மம்மா விளக்கை ஊதி அணைக்க விட மாட்டா. ‘அணைக்காதை, குளிர வை’ என்பா.

இன்னொரு படம் சொல்லட்டுமா? 2023இல் வந்த ‘சொசைட்டி ஒஃப் த ஸ்நோ’, பயோனா எடுத்தது. 1972 ஒக்ரோபர் 13ஆம் தேதி 45 பேருடன் அந்தீஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தின் கதை. 72 நாளுக்குப் பிறகு உயிரோடு மீண்டவர்கள் 16 பேர். அதில் ஒரு இடம் வரும். சின்ன டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு செய்தி கேட்கிறார்கள். தேடுதல் நிறுத்தப்பட்டுவிட்டது என்று வானொலி சொல்கிறது. தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே கேட்கிறார்கள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் அப்பா செய்தி கேட்பார். அண்ணாவின் கை களைத்தால் குரல் இழுபட்டுத் தேய்ந்து போகும். அப்பா ‘சுத்தடா, சுத்தடா’ என்பார். எங்களைப் பற்றித்தான் வேறு எங்கேயோ இருந்து ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். அந்த உணர்வைப் படம் எடுத்தவர் அனுபவித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முகங்களை அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் காட்டினார் பாருங்கள், அது போதும்.

அந்தப் படத்தைச் சொல்லிச் செல்லும் குரல் மீண்டு வந்த ஒருவரின் குரல் என்றே முதலில் நினைத்திருந்தேன். படம் முடிவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் தெரியும், அவர் அந்த மலையிலேயே இறந்துபோனவர். இறந்தவரின் வாயால் உயிர் தப்பிய கதையைச் சொல்ல வைப்பது பெரிய முடிவு. தப்பியவர்களை வீரர்களாக்கிவிட்டு மற்ற 29 பேரையும் மறந்துவிடாமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.


வல்லிபுரத்தான் எழுதியது:

அக்கா, இவ்வளவு நாள் எழுதாமல் இருந்துவிட்டீர்களே. ‘கறுப்புக்கூட இல்லை’ என்ற வரியை வைத்துக்கொண்டே இன்றைக்கு முழுதும் இருக்கப் போகிறேன்.


குருநகர்க் கரை எழுதியது:

காடும் பனியும் மட்டும்தான் வனாந்தரமா? கடலைச் சேர்க்க மாட்டீர்களா?

2013இல் வந்த ‘ஆல் இஸ் லாஸ்ட்’ பாருங்கள். ரொபர்ட் ரெட்ஃபோர்ட் ஒரே ஒருவர்தான் முழுப் படத்திலும். பெயர்கூட இல்லை. இந்து சமுத்திரத்தில் தனியே பாய்மரப் படகில் போகிறார். கப்பலில் இருந்து விழுந்து மிதந்த ஒரு கொள்கலன் இடித்துப் படகில் ஓட்டை. படம் தொடங்கி முடியும் மட்டும் அவர் கதைப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய வசனம். ஓட்டைக்குத் துணி வைத்துப் பசை பூசி அடைக்கிறார், தண்ணீரை இறைக்கிறார், நட்சத்திரம் பார்த்து இடம் குறிக்கப் புத்தகம் பார்த்துப் படிக்கிறார், கடல் தண்ணீரை வெயிலில் ஆவியாக்கி நன்னீர் சொட்டுச் சொட்டாக எடுக்கிறார். வல்லிபுரத்தான் சொன்ன ‘கை’ முழுப் படத்திலும் இருக்கிறது.

அதில் ஒரு காட்சி: பெரிய புயல் வருகிறது, வானம் கறுக்கிறது, மனுசன் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழிக்கிறார். கூட இருந்து பார்த்த என் நண்பன் ‘இது என்ன பைத்தியக்காரத்தனம்’ என்றான். நான் அவனுக்கு என் சித்தப்பாவின் கதையைச் சொன்னேன்.

சித்தப்பாவின் வள்ளம் இயந்திரம் பழுதாகி, வாடைக்காற்றுக் காலத்தில் நாலு நாள் இழுபட்டது. கூடப் போனவர் ஒருவர். தண்ணீர் இரண்டாம் நாளே முடியப் பார்த்தது. அப்போது சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? கிழிந்திருந்த வலையை எடுத்து மடியில் போட்டுப் பொத்தத் தொடங்கினார். கூட இருந்தவர் ‘இனி எந்த மீனுக்கு?’ என்று கேட்டிருக்கிறார். ‘நாளைக்குத் தேவைப்படும்’ என்று மட்டும் சொன்னாராம். நாலாம் நாள் வேறு ஊர்ப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. இன்றைக்கும் அவர் அந்த நாலு நாளைப் பற்றிச் சொன்னால் அலையைப் பற்றிச் சொல்ல மாட்டார். வலையில் எத்தனை கண் பொத்தினேன் என்றுதான் சொல்வார்.

எனவே முகம் மழிக்கும் அந்தக் காட்சியை எழுதியவர் மனுசரைத் தெரிந்தவர்.

ஒரு குறை. அந்தப் படத்தின் பெரும்பகுதியை மெக்சிக்கோவில் பெரிய தண்ணீர்த் தொட்டியில் எடுத்தார்கள். சில இடத்தில் எனக்கு அது தெரிகிறது. அலை உயரமாக இருக்கிறது, ஆனால் காற்றுக்கும் அலைக்கும் தொடர்பில்லை. கடலில் காற்றுக்குத் திசை உண்டு, பெயர் உண்டு. வாடை ஒரு மாதிரி அடிக்கும், சோளகம் வேறு மாதிரி, கச்சான் வேறு மாதிரி. தெர்சு படத்தில் அந்த ஏரிக் காற்று ஒரு திசையில் இருந்துதான் வருகிறது. நாணல் எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. குரோசாவா காற்றைத் தெரிந்தவர்.


நிலாவரை எழுதியது:

எல்லோரும் கண்ணால் பார்த்ததையே சொல்கிறீர்கள். நான் இசை படிப்பிக்கிறவள், என் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

‘காஸ்ட் அவே’ படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். விமானம் விழுந்து ரொம் ஹாங்ஸ் தீவில் ஒதுங்குவதில் இருந்து, தெப்பம் கட்டி அந்தத் தீவை விட்டுப் போகும் வரை பின்னணி இசை ஒரு சுரம்கூட இல்லை. இதைக் கவனித்தீர்களா? இன்னும் ஒன்று: அந்தத் தீவில் பறவைச் சத்தம் இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை. காற்று, அலை, தேங்காய் விழும் சத்தம். வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். வெப்பமண்டலத் தீவு ஒன்றில் பூச்சி இல்லாமல் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நெடுந்தீவில் ஒரு இரவு தங்கினால் தெரியும் எவ்வளவு இரைச்சல் என்று. அங்கே உயிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பதைக் காதுக்குச் சொல்லவே இயற்கையைக் கொஞ்சம் பொய்யாக்கினார்கள். கடைசியில் தெப்பம் அலையைத் தாண்டி, தீவு பின்னால் போகும்போது அலன் சில்வெஸ்திரியின் இசை முதல் தடவையாக வருகிறது. அந்த ஒரு மெட்டில் அழாதவரை நான் காணவில்லை. நாலு வருட மௌனத்தைச் சேர்த்து வைத்து அந்த இடத்தில் கொடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிர் ‘127 அவர்ஸ்’. 2003இல் யூட்டா பள்ளத்தாக்கில் பாறைக்குள் கை அகப்பட்டு ஐந்து நாளுக்கு மேல் கிடந்தவரின் கதை. இசை எங்கள் ஏ. ஆர். ரகுமான். மனிதன் அசைய முடியாமல் கிடக்கிறான், அவன் மூளை மட்டும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை ரகுமானின் கிற்றாரும் மின்னிசையும் காட்டுகின்றன. கையை அறுக்கும்போது நரம்பில் கத்தி படுகிற கணத்துக்கு ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். இசை என்றும் சொல்ல ஏலாது, இரைச்சல் என்றும் சொல்ல ஏலாது. திரையில் இரத்தம் தெரிவதைவிட அந்தச் சத்தம்தான் பலரைக் கண்ணை மூட வைத்தது.

இரண்டும் சரியான வழிதான். எந்தக் கதைக்கு எது என்று தெரிந்திருப்பதுதான் கலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வல்லிபுரத்தான், ‘தெர்சு உசாலா’ உண்மையில் உயிர் தப்பும் படமா? எனக்கு அது நட்பைப் பற்றிய படம். அந்த ஏரிக் காட்சி அதில் ஒரு பகுதிதான். ஒரு காட்சியை வைத்துக்கொண்டு படத்தை இந்த வகைக்குள் போடுகிறீர்களோ என்று தோன்றுகிறது.


வல்லிபுரத்தான் எழுதியது:

ரீச்சர், நீங்கள் கேட்டது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

ஓம், நட்பைப் பற்றிய படம்தான். ஆனால் தெர்சுவைப் பொறுத்தவரை உயிர் தப்புவது என்றாலே இன்னொருவர் சம்பந்தப்பட்ட விசயம். ஒரு இடம் நினைவிருக்கும். காட்டுக்குள் ஆளில்லாத ஒரு பழைய குடிலில் தங்குகிறார்கள். அடுத்த நாள் புறப்பட முன் தெர்சு அதன் கூரையைத் திருத்துகிறான். பிறகு அர்செனியேவிடம் கொஞ்சம் அரிசி, உப்பு, தீப்பெட்டி கேட்கிறான். எதற்கு என்று அவர் கேட்க, அடுத்து யாராவது இந்த வழியால் வந்தால் செத்துப்போகாமல் இருக்க என்கிறான். அவனுக்கு அந்த ஆள் யார் என்று தெரியாது, ஒருநாளும் காணப் போவதுமில்லை.

அந்தக் காட்சி வந்தபோது எங்கள் அம்மா ‘தெருமூடி மடம் கட்டினவையும் இப்படித்தானே’ என்றா. பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணை கட்டி வைத்த மடம். பக்கத்து ஊர்களில் சுமைதாங்கிக் கல், மாடு வந்து உடம்பை உரஞ்ச ஆவுரோஞ்சிக் கல், தண்ணீர்த் தொட்டி. வழியில் போகிறவன் யார் என்று கேட்காமல் வைத்தவை. நான் நூறு தடவை அந்த மடத்துக்குள்ளால் சைக்கிளில் போயிருக்கிறேன். அரிசியும் உப்பும் சுற்றி வைத்த பொதியோடு அதை ஒரு தடவையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

மற்றப் படங்களில் காடு ஒரு எதிரி, மனிதன் அதை வெல்கிறான், படம் முடிகிறது. தெர்சு வெல்லவில்லை. அவனுக்குக் காடு அயல். அயலில் இருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, அந்த முறை தெரிந்தவன் தப்புகிறான். குரோசாவா அந்த முறையைத்தான் படமாக்கினார் என்று நினைக்கிறேன். ஏரிக் காட்சியில் வெட்டிய ஒவ்வொரு நாணலும் அதன் பகுதி.


ஸ்காபரோ பனி எழுதியது:

இப்போது எனக்கு உங்கள் பக்கம் கொஞ்சம் விளங்குகிறது. ‘த ரெவனன்ட்’ பற்றி நானே ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹியூ கிளாஸ் உண்மையான ஆள். 1823இல் கரடி கிழித்துப் போட்டு, கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போக, 300 கிலோமீற்றருக்கு மேல் தவழ்ந்தும் நடந்தும் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அது நடந்தது கோடை முடிவில். படத்தில் உள்ள அந்தக் கடும் பனி சினிமாவுக்காக. கொல்லப்பட்ட மகனும் சினிமாவுக்காகச் சேர்த்ததுதான். அதைவிட முக்கியம், தன்னை விட்டுப்போன இளம் பையனை அவர் கடைசியில் கண்டுபிடித்து மன்னித்துவிட்டார் என்பதுதான் வரலாற்றில் உள்ள கதை. மற்றவன் படையில் சேர்ந்துவிட்டதால் அவனையும் ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்து, எதிரில் நின்று, மன்னித்துவிட்டுத் திரும்புவது. அதைப் படமாக எடுத்திருந்தால்? எனக்கு அந்த ஏக்கம் இருக்கிறது.

ஆனாலும் மூச்சு லென்ஸில் படியும் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


தீவகன் எழுதியது:

தெர்சு படத்தின் இரண்டாம் பாதியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்குக் கண் பார்வை குறைகிறது. இனிக் காட்டில் இருக்க ஏலாது என்று அர்செனியேவ் தன் வீட்டுக்கு, நகரத்துக்குக் கூட்டிப் போகிறார். அங்கே ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து காசு வாங்குகிறான். தெர்சுவுக்கு அது விளங்கவே இல்லை. ஆற்றில் கிடக்கிற தண்ணீருக்குக் காசா என்று கோபப்படுகிறான்.

நான் தீவுப் பகுதிக்காரன். கோடையில் தண்ணீர்ப் பவுசர் வரும் சத்தத்துக்கு வாளியோடு ஓடி வளர்ந்தவன். எங்கள் வீட்டுக் கிணறு ஆடி மாதத்தில் உப்பாகிவிடும். அந்தக் காட்சியில் தெர்சுவோடு சேர்ந்து எனக்கும் கோபம் வந்தது, தண்ணீர் விற்கிறவன் மேலும் கோபப்பட முடியவில்லை. அவனும் சுமந்துதானே வருகிறான்.

எனக்குக் காட்டில் அவன் தப்பிய காட்சிகளைவிட இந்த வீட்டுக் காட்சிகள்தான் பயங்கரமானவை. நாணல் வெட்டி ஒருவரை உயிரோடு காத்தவன், மெத்தையும் அடுப்பும் உள்ள அறையில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். கைக்கு வேலை இல்லை. வல்லிபுரத்தான் கையைப் பார்க்கச் சொன்னார், நான் அந்த இடத்தில் அவன் கையைப் பார்த்தேன்.

ஒரு கேள்வி. பனியும் மலையும் இல்லாத எங்கள் ஊரில் இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா? வெயிலும் தாகமும் வெட்டவெளியும்தான் எங்களிடம் இருக்கின்றன.


மணவறைக் கமரா எழுதியது:

முடியும். வடமராட்சிக் கரையில் இருக்கிற மணற்காட்டில். மணல் மேட்டில் உச்சி வெயிலுக்கு நிழலே கிடையாது, மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் நிற்கின்றன, மறுபக்கம் கடல், காற்று தடத்தை அழிக்கும். ஏரிக் காட்சிக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. உச்சி வெயில் முகத்தைக் கெடுக்கும் என்று நான்தான் மேலே எழுதினேன். இப்போது யோசித்தால், தாகத்தைக் காட்ட அதுதானே சரியான வெளிச்சம்? கண்குழி கறுத்த முகம்.

இப்போது சோளகம் நன்றாக அடிக்கிறது. வருகிற சனி போய்ப் பார்க்கிறேன். குருநகர் அண்ணை, காற்றைப் பற்றிச் சொல்ல நீங்களும் வர முடியுமா?


குருநகர்க் கரை எழுதியது:

வாறேன் தம்பி. மூன்றரைக்கு நெல்லியடிச் சந்தியில் நில்.


மணவறைக் கமரா எழுதியது:

போய்விட்டு வந்தோம். நாங்கள் இருவரும், என் பெரியப்பாவும்.

நாலரைக்கு மேட்டில் ஏறினோம். தடம் அழிவதை முதலில் சோதித்தோம். மேட்டு உச்சியில் பெரியப்பா நடந்த தடம் ஏழெட்டு நிமிடத்தில் மங்கி, கால் மணித்தியாலத்தில் இல்லாமலே போய்விட்டது. ஆனால் காற்றுப் படாத சரிவில் இருந்த தடம் நாங்கள் வெளிக்கிடும்போதும் அப்படியே இருந்தது. அதனால் கதையில் ஒருவர் வழி தவற வேண்டுமென்றால் அவரை உச்சி வழியாகத்தான் நடக்க விட வேண்டும். இதை வீட்டில் இருந்து எழுதியிருந்தால் ஒருநாளும் தெரிந்திருக்காது.

வெளிச்சம்: ஐந்தரைக்குப் பிறகு மணலில் ஒவ்வொரு அலைக்கோடும் தனியாக நிழல் விழுத்தியது. 70 மில்லிமீற்றர் இல்லை, என் சின்னக் கமராதான். இருந்தாலும் பெரியப்பாவைத் தூர அனுப்பி, சட்டகத்தில் ஒரு புள்ளியாக வைத்து எடுத்தேன். அவரிடம் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: சவுக்கு விறகு பொறுக்குங்கள், இருட்டுவதற்குள் ஒரு கட்டு சேர வேண்டும். அவருக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் விறகு கட்டத் தெரியும். குனிந்து, தூக்கி, பாரம் பார்த்து, பிழையானதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். பதினொரு நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டேன். இன்றைக்குத் திருப்பிப் பார்த்தபோது நானும் கட்டை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

சத்தம்தான் பிழைத்துவிட்டது. நிலாவரை ரீச்சர் சொன்னது போல் வெறும் காற்று மட்டும் வேண்டும் என்று மைக்குக்குத் துணி சுற்றிக் கொண்டு போனேன். கேட்டுப் பார்த்தால் சவுக்கங்காட்டு இரைச்சலும் கடல் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று பிரிக்க ஏலாமல் இருக்கிறது. குருநகர் அண்ணை மட்டும் பிரித்துச் சொல்கிறார். அடுத்த தடவை மரம் இல்லாத பக்கம், சுண்டிக்குளம் நோக்கிப் போக வேண்டும்.

ஒலிக்கோப்பைக் கீழே இணைத்திருக்கிறேன். காதில் மாட்டிக் கேளுங்கள். கடைசியில், விறகுக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பெரியப்பா தூரத்தில் இருந்து கூப்பிடுவதும் அதில் விழுந்திருக்கிறது: ‘காணும், வா. இருட்டுது.’